கடலில் புதைக்கச் சொன்ன பெடியன்: சார்ள்ஸ் பர்னின் கதை

லண்டன் நகரின் நடுவே, லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் என்ற சதுக்கத்தில், இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை வைத்தியர்களுக்கான அரச கல்லூரி இருக்கிறது. அதற்குள் ஹண்டேரியன் என்றொரு அருங்காட்சியகம் உண்டு. 2017ஆம் ஆண்டுக்கு முன்னர் அங்கே போனவர்கள் ஒரு கண்ணாடிப் பெட்டியை மறந்திருக்க மாட்டார்கள். அதற்குள் 7 அடி 7 அங்குல உயரமான எலும்புக்கூடு ஒன்று நின்றது. பழுப்பு நிறம். பக்கத்தில் நின்றவர்கள் அதை அண்ணாந்துதான் பார்க்க வேண்டியிருந்தது.

அந்த எலும்புக்கு ஒரு பெயர் இருந்தது. சார்ள்ஸ் பர்ன். சாகும்போது அவனுக்கு வயது 22. மரியாதைக் குறைவாக எண்ணி ‘அவன்’ என்று எழுதவில்லை. இன்றைக்கு எங்கள் வீடுகளில் பல்கலைக்கழகத்துக்குப் போய் வருகிற பெடியன்களின் வயது அது. அதனால் ‘அவர்’ என்று எழுத மனம் வரவில்லை.

பர்ன் 1761ஆம் ஆண்டு அயர்லாந்தின் வடக்கே, டெரி, டைரோன் என்ற இரு மாவட்டங்களின் எல்லையில், லிட்டில்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் பிறந்தான். தாயும் தகப்பனும் சாதாரண உயரமானவர்கள். பிள்ளை மட்டும் ஏன் இப்படி வளர்ந்தான் என்பதற்கு ஊரவர்கள் ஒரு காரணம் வைத்திருந்தார்கள். உயரமான வைக்கோற்போர் ஒன்றின் மேல் உருவான பிள்ளையாம், அதனால்தான் இந்த உயரமாம். சிரிக்கலாம். ஆனால் கிரகணத்தன்று வெளியே போனதால்தான் பிள்ளைக்கு உதடு பிளந்தது என்று எங்கள் ஊர்களிலும் சொன்னார்கள். காரணம் தெரியாத இடத்தில் ஊர் ஒரு காரணத்தைச் செய்துவிடும். பெரும்பாலும் பழி தாயின் தலையில்தான் விழும்.

பர்ன் பிறப்பதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், 1759இல், பிரான்சில் மொன்பெயார் என்ற பிரபுவுக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தத் தகப்பன் மகனின் உயரத்தை ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அளந்து எழுதத் தொடங்கி, 1777 வரைக்கும் விடாமல் எழுதினார். பதினெட்டு வருடக் கணக்கு. பேரேடு எழுதிப் பழகிய எங்களுக்கு அந்தப் பொறுமையின் அருமை தெரியும். ஒரே பிள்ளையைப் பிறப்பிலிருந்து வளர்ந்து முடியும்வரை தொடர்ந்து அளந்த முதல் பதிவு அதுதான் என்பார்கள். அந்தக் கணக்கைக் கோடாக வரைந்து பார்த்தால் ஒரு விடயம் தெளிவாகத் தெரியும். பிள்ளை ஒரே வேகத்தில் வளர்வதில்லை. குழந்தையாக இருக்கும்போது மிக வேகம். பிறகு வருடா வருடம் வேகம் குறைந்துகொண்டே வரும். பதின்மூன்று, பதினான்கு வயதில் திடீரென்று ஒரு பாய்ச்சல். அதன்பின் இரண்டு மூன்று வருடங்களில் எல்லாம் ஓய்ந்துவிடும்.

அந்தப் பாய்ச்சலும் ஓய்வும் எங்கிருந்து வருகின்றன என்று விளங்காமல் பர்னின் கதை விளங்காது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறோம்.

மூளையின் அடியில், மண்டையோட்டின் சிறிய குழி ஒன்றுக்குள், ஒரு கடலை அளவில் தொங்குவது கபச்சுரப்பி. வளர்ச்சி ஹோர்மோன் அங்கிருந்துதான் சுரக்கிறது. குழாயைத் திறந்துவிட்டது போல நாள் முழுக்க ஒரே சீராக அது வருவதில்லை. சில மணித்தியாலங்களுக்கு ஒரு தடவை, அலை அடித்தது போல இரத்தத்துக்குள் வந்து போகும். இரவில் நித்திரை ஆழமாகப் போன முதல் மணித்தியாலங்களில்தான் பெரிய அலை வரும். மூளையின் இன்னொரு பகுதி, ‘விடு’ என்று ஒரு செய்தியும் ‘நிறுத்து’ என்று இன்னொரு செய்தியும் அனுப்பி இதைக் கட்டுப்படுத்துகிறது. வளர்ச்சி ஹோர்மோன் ஈரலுக்குப் போய் அங்கிருந்து இன்னொரு ஹோர்மோனை வெளிவரச் செய்கிறது. எலும்புகளின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புத் தட்டுகளை இரண்டுமாகச் சேர்ந்து வளர்க்கின்றன.

பிள்ளை பருவமடையத் தொடங்கியதும் இந்த அலைகள் உயர்கின்றன. எண்ணிக்கை பெரிதாகக் கூடுவதில்லை. ஒவ்வோர் அலையின் உயரம்தான் கூடுகிறது. ஒரு நாளில் சுரக்கும் மொத்த அளவு முந்தியதைவிட இரண்டு, மூன்று மடங்காகிவிடும். அதைக் கூட்டுவது பாலியல் ஹோர்மோன்கள். இங்கேதான் பலருக்கு ஆச்சரியமான ஒரு விடயம் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு ஈஸ்ட்ரோஜன், ஆண்பிள்ளைக்கு டெஸ்டொஸ்டெரோன் என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். ஆனால் ஆண்பிள்ளையின் உடலும் டெஸ்டொஸ்டெரோனில் ஒரு பங்கை ஈஸ்ட்ரோஜனாக மாற்றிக்கொள்கிறது. வளர்ச்சி ஹோர்மோனின் அலையை உயர்த்துவதில் பெரிய பங்கு அந்த ஈஸ்ட்ரோஜனுக்குத்தான். அப்படி ஈஸ்ட்ரோஜனாக மாற முடியாத ஆண் ஹோர்மோன் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தபோது அலை உயரவில்லை.

பெண்பிள்ளைகளுக்கு இந்த ஏற்றம் பருவத்தின் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஆண்பிள்ளைகளுக்குப் பருவத்தின் நடுப்பகுதியைத் தாண்டித்தான் உச்சம். அதனால் பெண்பிள்ளை சராசரியாக 12 வயதளவில் மிக வேகமாக வளர்கிறாள், ஆண்பிள்ளை 14 வயதளவில். பெண்பிள்ளையின் உச்ச வேகம் வருடத்துக்கு 8, 9 சென்ரிமீற்றர் என்றால் ஆண்பிள்ளையினது 9, 10. வளர்ந்து முடிந்த ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் சராசரியாக 13 சென்ரிமீற்றர் வித்தியாசம் இருப்பதற்கு முக்கிய காரணம், பெடியன் அந்தப் பாய்ச்சலைத் தொடங்குமுன் இரண்டு வருடம் கூடுதலாக மெதுவாக வளர்ந்திருக்கிறான் என்பதுதான்.

எங்கள் அம்மாமாருக்கு இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சாமத்திய வீட்டு மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் நேரத்தில் பிள்ளையின் வேகமான வளர்ச்சி முடிந்துவிட்டது. மாதவிடாய் தொடங்குவது பாய்ச்சலின் உச்சத்துக்குப் பிறகுதான். அதற்குப் பின் சராசரியாக 5, 7 சென்ரிமீற்றர்தான் வளர்வார்கள். அதனால் ஏழு வயதிலேயே மார்பு வளரத் தொடங்கினால், ‘இங்கத்தைச் சாப்பாடு அப்படி’ என்று சொல்லி இருந்துவிடாமல் குடும்ப வைத்தியரிடம் காட்ட வேண்டும். நேரத்தோடு பருவமடையும் பிள்ளை வகுப்பில் முதலில் உயரமாக நிற்கும். ஆனால் மற்றப் பிள்ளைகள் பிறகு தாண்டிப் போவார்கள்.

பெடியன்களின் கதை மறுபக்கம். 13, 14 வயதில் வகுப்பில் மிகக் கட்டையாக நிற்கும் பெடியனை, கலியாண வீடுகளில் மாமியின் மகனோடு முதுகுக்கு முதுகு நிற்கவிட்டுப் பார்க்கும் பழக்கம் எம்மிடம் இன்னும் போகவில்லை. அந்தப் பெடியனுக்கு ஒரு நோயும் இல்லாமல் இருக்கலாம். பருவம் சற்றுப் பிந்தி வருகிறது, அவ்வளவுதான். பல வேளைகளில் தகப்பனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். இப்படிப்பட்ட பிள்ளையின் வளர்ச்சி ஹோர்மோனை வைத்தியசாலையில் சோதித்தால், அளவு குறைவு என்று வந்துவிடக்கூடும். பாலியல் ஹோர்மோன் இன்னும் வராததால் அலை உயரவில்லை என்பதே காரணம், சுரப்பியில் பிழை இல்லை. அதனால்தான் பல வைத்தியசாலைகளில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சோதனைக்கு முன் சிறிதளவு பாலியல் ஹோர்மோன் கொடுத்துவிட்டுச் சோதிக்கிறார்கள். பிள்ளைக்கு ஏன் இந்தக் குளிசை என்று பயந்து சண்டை பிடித்த பெற்றோரை நாம் அறிவோம். காரணத்தை யாரும் அவர்களுக்குத் தமிழில் சொல்லவில்லை.

பாலியல் ஹோர்மோனுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாய்ச்சலைத் தொடக்கிவைக்கும் அதே ஈஸ்ட்ரோஜன்தான் கதவையும் மூடுகிறது. எலும்பு நுனியில் உள்ள குருத்தெலும்புத் தட்டு மெல்ல மெல்ல எலும்பாகி ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியபின் எந்தப் பவுடரும் எந்த ஊசியும் உயரத்தைக் கூட்டாது. ஆண்களுக்கும் இதைச் செய்வது ஈஸ்ட்ரோஜன்தான் என்பது 1994இல்தான் ஐயமின்றித் தெரியவந்தது. ஈஸ்ட்ரோஜனின் செய்தியை ஏற்க முடியாத உடலோடு பிறந்த 28 வயது ஆண் ஒருவரை அமெரிக்க வைத்தியர்கள் கண்டார்கள். உயரம் 204 சென்ரிமீற்றர். தட்டுகள் ஒட்டவில்லை. எலும்பின் வயது 15. அவர் இன்னும் வளர்ந்துகொண்டிருந்தார்.

இனி பர்னிடம் திரும்புவோம். அவனுடைய கபச்சுரப்பியில், வளர்ச்சி ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் ஒரு கட்டி வளர்ந்தது. ‘நிறுத்து’ என்ற செய்தியை அந்தக் கட்டி கேட்கவில்லை. அது மட்டும் என்றால் பருவம் வந்ததும் ஈஸ்ட்ரோஜன் கதவை மூடியிருக்கும். உயரமானவன் என்ற பெயரோடு பர்ன் நின்றிருப்பான். ஆனால் இத்தகைய கட்டி பெருக்கும்போது, பக்கத்திலே பருவத்தைத் தொடக்கிவைக்கும் ஹோர்மோன்களைச் சுரக்கும் கலங்களையும் அது நெருக்கிவிடும். பருவம் பிந்தும் அல்லது அரைகுறையாக நிற்கும். ஒரு பக்கம் வரவு கட்டுக்கடங்காமல் வருகிறது, மறுபக்கம் கணக்கை மூட ஆளில்லை. இராட்சத வளர்ச்சி உள்ளவர்களில் முக்கால்வாசிக்கு மேல் ஆண்களாக இருப்பதற்கும், அவர்களுடைய கதவு இயல்பாகவே பிந்தி மூடப்படுவதை ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

பர்னுக்கு இதில் எதுவும் தெரியாது. அவனைச் சுற்றி நின்ற எவருக்கும் தெரியாது. தெரிந்ததெல்லாம் அவன் உயரம் காசாகும் என்பதுதான். அயலூரான ஜோ வான்ஸ் என்பவன் அவனைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டான். ஸ்கொட்லாந்துக்குப் போனார்கள். எடின்பரோ நகரின் தெருவிளக்கொன்றில், எட்டிப் பிடிக்காமல் நின்றபடியே தன் சுங்கானை அவன் பற்றவைத்தான் என்று ஒரு கதை உண்டு. பிறகு வட இங்கிலாந்தின் ஊர்கள். 1782 ஏப்ரலில் லண்டன்.

அப்போது அவனுக்கு 21 வயது. ஊரில் வேலையில்லாமல், ஆங்கிலேயரின் தலைநகருக்கு வந்து சேர்ந்த ஐரிஷ் பெடியன். தன் உடலைத் தவிர விற்பதற்கு அவனிடம் எதுவும் இல்லை. சாரிங் குரொஸ் பகுதியில் அறை எடுத்து, காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் ஆட்களுக்குக் காட்சியாக நின்றான். ஒருவருக்குக் கட்டணம் 2 ஷில்லிங் 6 பென்ஸ். 8 அடிக்கு மேல் என்று விளம்பரம் சொன்னது. வியாபாரத்தில் அங்குலங்களைக் கூட்டுவது அன்றும் இருந்தது. பிரபுக்களும் சீமாட்டிகளும் வந்தார்கள். அந்த வருடம் ஹேமார்க்கற் நாடக அரங்கில் அவனை வைத்தே ஒரு கோமாளி நாடகம் போட்டார்கள். பத்திரிகைகள் அவனை மென்மையானவன், நல்ல குணமுள்ளவன் என்று எழுதின.

புதுமை எவ்வளவு நாளைக்கு? சில மாதங்களில் கூட்டம் குறைந்தது. வேறு இராட்சதர்களும் நகருக்கு வந்தார்கள். கட்டணம் ஒரு ஷில்லிங்காக இறங்கியது. பர்ன் குடிக்கத் தொடங்கினான், பின்னர் மிக அதிகமாகக் குடித்தான். இப்படிக் கட்டி உள்ளவர்களுக்குத் தலையிடியும் மூட்டு நோவும் சாதாரணம். அவன் எதை மறக்கக் குடித்தான் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

1783 ஏப்ரலில் அவனுக்குப் பேரிடி விழுந்தது. சேர்த்த காசு முழுவதையும் இரண்டு வங்கித் தாள்களாக மாற்றி அவன் சட்டைப்பையில் வைத்திருந்தான். ஒன்று 700 பவுண், மற்றது 70. மதுக்கடை ஒன்றில் குடித்துக்கொண்டிருந்தபோது இரண்டும் களவு போயின. 770 பவுண் என்பது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பது எமது தொழில் பழக்கம். அரைக் கிரவுன் வீதம் ஒரு பவுணுக்கு எட்டுப் பேர். 770 பவுணுக்கு 6,160 பேர். வாடகை, சாப்பாடு, வான்ஸின் பங்கு எல்லாம் போய் மிஞ்சியதுதான் இது என்றால் எத்தனை ஆயிரம் பேர் முன் அவன் நின்றிருக்க வேண்டும். ஒவ்வொருவரும் அண்ணாந்து பார்த்து, தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒரு வருடத்துச் சேமிப்பு ஒரே இரவில் போய்விட்டது. வங்கியை நம்பாமல் உழைப்பு முழுவதையும் உடம்போடு கொண்டு திரிந்தவர்களை எங்களில் பலர் முதல் அகதி முகாம்களில் பார்த்திருப்பார்கள். காசை ஏன் ஒரே இடத்தில் வைத்தான் என்று கேட்பதற்கு எமக்கு வாய் வரவில்லை.

அதன்பின் அவன் எழும்பவில்லை. அவன் சாகக் கிடக்கிறான் என்ற செய்தி பரவியதும் லண்டனின் உடற்கூற்று வைத்தியர்கள் அவன் வீட்டைச் சுற்றத் தொடங்கினார்கள். திமிங்கிலத்தைச் சூழும் வேட்டைக்காரருக்கு அவர்களை ஒப்பிட்டு ஒரு பத்திரிகை எழுதியது. அந்தக் காலத்தில் வெட்டிப் படிப்பதற்குச் சட்டப்படி கிடைத்தது தூக்கிலிடப்பட்ட கொலைகாரரின் உடல்தான். அதாவது சாவுக்குப் பின்னும் தொடரும் தண்டனை அது. புதைகுழிகளைத் தோண்டி உடல்களை விற்பவர்கள் நகர் முழுக்க இருந்தார்கள்.

அவர்களில் மிகவும் ஆசைப்பட்டவர் ஜோன் ஹண்டர். ஸ்கொட்லாந்துக்காரர், மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் சத்திரசிகிச்சை வைத்தியர்களில் ஒருவர், அக்காலத்தின் மிகப் பெரிய உடற்கூற்று அறிஞர். மனிதரும் மிருகங்களுமாகப் பல்லாயிரம் மாதிரிகளைச் சேர்த்து வைத்திருந்தவர். தன் ஆள் ஹவிசனைப் பர்னின் பின்னாலேயே விட்டிருந்தார். பர்ன் வீடு மாறினால் ஹவிசனும் பக்கத்தில் அறை மாற்றினான். உயிரோடு இருக்கும்போதே தன் பிணத்துக்காக ஒருவன் தெருமுனையில் காத்து நிற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருந்திருக்கும்!

பர்னுக்கு அது பெரும் பயமாக இருந்தது. நண்பர்களைக் கூப்பிட்டு, தன்னிடம் மிஞ்சியிருந்த காசைக் கொடுத்து, ஒன்றே ஒன்று கேட்டான். ஈயப் பெட்டிக்குள் வைத்துத் தன்னைக் கடலின் நடுவே இறக்கிவிட வேண்டும். கடலுக்குள் தோண்டுகாரர் வரமாட்டார்கள். 1783 ஜூன் 1ஆம் திகதி, கொக்ஸ்பர் தெருவில் இருந்த அறையில் அவன் இறந்தான்.

நண்பர்கள் சொன்னபடியே பெட்டியை மார்கேற் கடற்கரைக்குக் கொண்டு போனார்கள். கடலில் இறக்கியும் விட்டார்கள். ஆனால் உள்ளே இருந்தது பர்ன் அல்ல. ஹண்டர் பிரேத ஏற்பாடு செய்தவனுக்குக் காசு கொடுத்திருந்தார். 500 பவுண் என்றுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வழியில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி தரித்து நின்றபோது உடலை எடுத்துவிட்டுக் கற்களை வைத்து மூடினார்கள். கல்லுக்குத்தான் அந்த நண்பர்கள் பிரார்த்தனை செய்தார்கள். உறவின் உடல் எங்கே என்று தெரியாமல் இருப்பது என்ன என்பதை எங்கள் வாசகர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

ஹண்டர் உடலை ஏர்ள்ஸ் கோட்டில் இருந்த தன் வீட்டுக்கு இரவோடிரவாகக் கொண்டுபோய், பெரிய செப்புக் கிடாரத்தில் போட்டு அவித்து, எலும்பைப் பிரித்தெடுத்தார். அவசரத்தில் செய்ததால்தான் எலும்பு பழுப்பேறியது என்பார்கள். சில வருடங்கள் அதை வெளியே காட்டவில்லை. 1786இல் புகழ்பெற்ற ஓவியர் ஜோஷுவா ரெய்னோல்ட்ஸ் ஹண்டரைப் படமாக வரைந்தார். சிந்தனையில் ஆழ்ந்திருக்கும் மேதையின் தலைக்கு மேலே, படத்தின் மூலையில், ஒரு சோடி நீண்ட கால் எலும்புகள் தொங்குகின்றன. தெரிந்தவர்களுக்கு அது யார் என்று தெரிந்தது.

ஹண்டரைக் கெட்டவன் என்று ஒரு சொல்லில் முடித்துவிட எமக்கு விருப்பம் இல்லை. இன்று சத்திரசிகிச்சையால் உயிர் தப்புகிற எவருக்கும் அவரிடம் கடன் உண்டு. எலும்பு எப்படி நீளமாகிறது என்று கண்டதிலும் அவருக்குப் பங்கு இருக்கிறது. பன்றிக்குட்டி ஒன்றின் கால் எலும்பில் இரண்டு ஈயக் குண்டுகளை இடைவெளி விட்டுப் பதித்தார். குட்டி வளர்ந்தபின் பார்த்தால் எலும்பு நீண்டிருந்தது, குண்டுகளுக்கு இடையிலான தூரம் மாறவில்லை. ஆகவே எலும்பு நடுவில் அல்ல, நுனிகளில்தான் வளர்கிறது. பர்னின் முழங்காலிலும் மணிக்கட்டிலும் இருந்த தட்டுகள் இன்னும் முழுதாக ஒட்டாமல் இருந்தன என்பதன் பொருளை விளங்கிக்கொள்ளக்கூடிய இடத்துக்கு மிக அருகில் நின்ற மனிதர் அவர். ஆனால் பர்னைப் பற்றி அவர் பெரிதாக எதுவும் ஆராய்ந்து எழுதவில்லை. அவ்வளவு காசையும் கௌரவத்தையும் செலவழித்து எடுத்தது, கடைசியில் ஒரு காட்சிப்பொருளாகவே நின்றது.

1793இல் ஹண்டர் இறந்தார். அவருடைய சேகரிப்பை அரசாங்கம் வாங்கி வைத்தியர்களின் சபையிடம் கொடுத்தது. 1941 மே மாதம் ஜேர்மன் குண்டுகள் அருங்காட்சியகத்தின் பெரும்பகுதியை அழித்தபோதும் பர்ன் தப்பினான்.

1909இல் ஹார்வி குஷிங் என்ற அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை வைத்தியர் லண்டனுக்கு வந்து, ஆர்தர் கீத் என்ற அருங்காட்சியகப் பொறுப்பாளரிடம் பர்னின் மண்டையோட்டைத் திறக்கக் கேட்டார். 126 வருடங்களாக யாரும் திறந்து பார்க்கவில்லை. கபச்சுரப்பி இருக்கும் குழி பெருத்திருந்தது. வைக்கோற்போர்க் கதைக்கு அன்றுதான் பதில் கிடைத்தது. 1980இல் கதிர்ப்படங்களை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். 22 வயதில் இறந்தவனின் எலும்பு வயது ஏறத்தாழ 17. அதாவது அவன் பருவம் முழுமையடையவில்லை. உயிரோடு இருந்திருந்தால் இன்னும் வளர்ந்திருப்பான்.

குஷிங்குக்குப் பின் வைத்தியம் மறுமுனையில் உள்ள பிள்ளைகளைப் பற்றி யோசித்தது. சுரப்பி வேலை செய்யாமல் குள்ளமாகவே நின்றுவிடும் பிள்ளைகளுக்கு அந்த ஹோர்மோனை வெளியிலிருந்து கொடுக்க முடியாதா? 1958இல் முடிந்தது. ஆனால் மிருகங்களுடைய வளர்ச்சி ஹோர்மோன் மனிதருக்கு வேலை செய்யாது. இறந்த மனிதரின் மூளையடியிலிருந்து சுரப்பியை எடுத்து, ஆயிரக்கணக்கில் சேர்த்து, அரைத்து வடித்துத்தான் ஊசி மருந்து செய்ய வேண்டியிருந்தது. பிரித்தானியாவில் 1959 தொடக்கம் 1985 வரை 1,800க்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இப்படிக் கொடுத்தார்கள். பல பிள்ளைகள் வளர்ந்தார்கள், பெற்றோர் மகிழ்ந்தார்கள். பிரேத அறைகளில் எடுக்கப்பட்ட சுரப்பிகளுக்கு அந்தக் குடும்பங்களிடம் எல்லா வேளையும் சம்மதம் கேட்டார்கள் என்று சொல்ல முடியாது. 1985இல் உண்மை வெளிவந்தது. சில சுரப்பிகளில் மூளையை அழிக்கும் குறொய்ட்ஸ்ஃபெல்ட் ஜேக்கப் நோயின் கூறு இருந்திருக்கிறது. ஊசி போட்டுப் பல வருடங்களுக்குப் பின், வளர்ந்த இளைஞர்களாக, பலர் அந்நோயால் இறந்தார்கள். உடனே அந்த மருந்தை நிறுத்தினார்கள். அதே வருடம் ஆய்வுகூடத்தில் நுண்ணுயிர்களைக்கொண்டு தயாரித்த வளர்ச்சி ஹோர்மோன் பாவனைக்கு வந்தது. இன்று எம் பிள்ளைகளுக்கு வைத்தியர் எழுதிக் கொடுப்பது அதுதான், அந்தப் பயம் இதற்கு இல்லை. மருந்தின் பெயரைக் கேட்டதும் பழைய செய்தியை இணையத்தில் வாசித்துப் பயந்துபோன பெற்றோர் இருப்பதால் இதைச் சொல்கிறோம்.

2011இல் பர்னின் பெயர் மீண்டும் செய்திகளில் அடிபட்டது. லண்டனில் பணிபுரியும் பேராசிரியர் மார்ட்டா கோர்போனிட்ஸ் தலைமையிலான குழு அவனுடைய இரண்டு கடைவாய்ப் பற்களிலிருந்து மரபணுவை எடுத்தது. ஏஐபி என்ற மரபணுவில் ஒரு பிழை. அதே பிழை இன்று வட அயர்லாந்தில் வாழும் சில குடும்பங்களிலும் இருந்தது. எல்லோருக்கும் பொதுவான மூதாதை ஏறத்தாழ 1,500 வருடங்களுக்கு முன் வாழ்ந்திருக்க வேண்டும் என்று கணித்தார்கள். பின்னர் அப்பகுதி மக்களிடம் எச்சில் வாங்கிச் சோதித்தபோது, பர்ன் பிறந்த மத்திய அல்ஸ்டர் பக்கத்தில் ஏறத்தாழ 150 பேருக்கு ஒருவர் அந்தப் பிழையைக் காவுகிறார் என்று தெரிந்தது. காவுகிற எல்லோருக்கும் கட்டி வருவதில்லை. வரக்கூடிய பிள்ளைகளை இப்போது சிறுவயதிலேயே கண்டுபிடித்து, உயரத்தையும் பருவத்தின் அறிகுறிகளையும் வருடா வருடம் பார்க்கிறார்கள். கட்டி தெரிந்தால் சத்திரசிகிச்சை உண்டு, சுரப்பை அடக்கும் ஊசியும் உண்டு. இந்த நூற்றாண்டில் பிறந்திருந்தால் பர்ன் ஓர் உயரமான விவசாயியாக டைரோனில் வயதாகியிருப்பான்.

இந்த நன்மையைக் காட்டியே எலும்புக்கூட்டை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு பகுதியினர் வாதிட்டார்கள். மறுபக்கம், அதே 2011இல், சட்டத்திலும் மருத்துவ அறத்திலும் படித்த இருவர் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள்: மரபணுவை எடுத்தாயிற்று, இனி அவன் கேட்டபடி கடலில் விடுங்கள் என்பதே அதன் சாரம். பர்னை வைத்து 1998இல் நாவல் எழுதிய ஹிலரி மான்டெல், 2020இல் அவனை ஊருக்கு அனுப்பச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

நாம் இரண்டாவது பக்கம். ஆராய்ச்சிக்காக உடலைத் தானம் செய்பவர்களை நாம் வணங்குகிறோம், எங்கள் சமூகத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அது கேட்டுக் கொடுத்தது. பர்னிடம் கேட்கவில்லை என்று கூடச் சொல்ல முடியாது. அவன் கேட்காமலே பதில் சொல்லியிருந்தான், வேண்டாம் என்று. அந்தப் பதிலைத் தெரிந்துகொண்டே மீறினார்கள். சாம்பலைக் கடலில் கரைக்க அனுமதி எங்கே எடுப்பது, எந்தக் கரைக்குப் போவது என்று செத்த வீட்டுக்கு மறுநாளே தொலைபேசியில் விசாரித்து அலையும் எங்களுக்கு, கடைசி விருப்பம் என்றால் என்னவென்று தெரியும்.

அருங்காட்சியகம் 2017இல் திருத்த வேலைகளுக்காக மூடப்பட்டது. 2023 ஜனவரியில் கல்லூரி தன் முடிவை அறிவித்தது. அந்த வருடம் மே மாதம் கதவுகள் மீண்டும் திறந்தபோது கண்ணாடிப் பெட்டி அங்கே இல்லை. எலும்புக்கூடு காட்சியிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் கடலுக்குப் போகவில்லை, அயர்லாந்துக்கும் போகவில்லை. உண்மையான மருத்துவ ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டால் கொடுப்பதற்காகக் கல்லூரியே வைத்திருக்கிறது. ரெய்னோல்ட்ஸ் வரைந்த படமும் கல்லூரியிடம் இருக்கிறது. ஹண்டரின் தலைக்கு மேலே, படத்தின் மூலையில், அந்தக் கால்கள் இன்னும் தெரிகின்றன.